தேமலும் தவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகைக்கு இதற்கு முன் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஒன்று எங்கள் புளோக்கின் மின்தூக்கியைப் பற்றி, மற்றொன்று தேக்கா சந்தையில் வாழை இலை விலையைப் பற்றி. இரண்டும் நாலு வரிக்கு மேல் போகவில்லை. இந்தக் கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் ஓர் ஆங்கிலச் சொல். அது என் முதுகிலிருந்து கிளம்பிய சொல்.

எனக்கு வயது 71. தினமும் காலையில் காலாங் ஆற்றோரம் நடப்பேன். திரும்பி வரும்போது சட்டையைப் பிழிந்தால் ஒரு கோப்பை தண்ணீர் வரும். நம் சிங்கப்பூர் வெக்கை அப்படி. இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் துண்டை எடுத்துக் கொடுத்த என் மனைவி, "என்னங்க, முதுகெல்லாம் திட்டுத்திட்டா வெளுத்துக் கிடக்கே?" என்றாள். எனக்கு அரிப்பு இல்லை, வலி இல்லை. முதுகு என் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. "தேமலா இருக்கும், விடு" என்றேன். அவள் விடவில்லை. மகனிடம் சொல்லி ஒரு மருந்தகத்தில் முன்பதிவு செய்துவிட்டாள்.

மருத்துவர் சீனப் பெண், என் மகள் வயதுகூட இருக்காது. விளக்கை முதுகுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, ஒரு கண்ணாடிச் சில்லின் விளிம்பால் திட்டின் மேல் லேசாகச் சுரண்டினார். சுரண்டியதை என்னிடமே காட்டினார். கண்ணாடியில் மிகமிக நைசாக, பழுப்பும் வெள்ளையும் கலந்த பொடி. மூச்சு விட்டால் பறந்துவிடும். "பாருங்க அங்கிள், சும்மா பார்த்தால் தோல் வழவழன்னு இருக்கு, தொட்டால்தான் உதிருது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். தோலில் எல்லாருக்கும் குடியிருக்கிற ஒரு பூஞ்சைதான், வெயிலும் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் கூடும்போது பெருகிவிடுகிறது, மற்றவருக்கு ஒட்டாது என்றார். நல்ல பெண். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்த திரை என் பக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது. கப்பல் பட்டறையின் பண்டகசாலையில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். உதிரிப்பாகங்களின் பெயர்ப் பட்டியலைத் தலைகீழாக வைத்தாலும் வாசிப்பேன். அந்தப் பழக்கத்தில் கண் தானாகப் போனது. நோயின் பெயர் பிட்டிரியாசிஸ் வெர்சிகலர். அதற்குக் கீழே, உதிரும் பொடியைக் குறிக்க ஒரு சொல்: ஃபர்ஃபுரேஷஸ். என் ஆயுளில் பார்த்திராத சொல். அர்த்தம் கேட்டேன். "பொடிப்பொடியா, மெல்லிசா செதில் விடுறது" என்றார். சரி என்று எழுந்துவிட்டேன்.

வெளியே மருந்து வாங்கும் இடத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். நான்கு மொழியிலும் இருந்தது. நான் முதலில் திருப்பியது தமிழ்ப் பக்கத்தைத்தான். தலைப்பு இப்படி: "பல்வண்ணத் துகளுரி பூஞ்சைத் தொற்று நிலை." மூன்று முறை படித்தேன். துகளுரி என்றால் துகள் உரியுமா, துகளை உரிக்கணுமா? பல்வண்ணம் என்றதும் எனக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை அடிக்கிற சாயம்தான் ஞாபகம் வந்தது. மனைவி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தலைப்பைப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இது தேமல்தானே? அதைப் போட்டா என்ன?"

ஒரு பக்கம் முழுக்கத் தமிழ், அதில் தேமல் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் மலாய்ப் பக்கத்தைக் காட்டினேன். முதல் சொல்லைப் பார்த்ததுமே "ஓ, பானாவ்" என்று சிரித்துவிட்டு என் முதுகைப் பார்த்தார். பானாவ் என்பது அவர்கள் வீட்டில் பாட்டி முதல் பேரன் வரை சொல்கிற பேர். கீழே கோப்பிக்கடையில் எப்போதும் என்னோடு உட்காரும் சீன நண்பர் மாண்டரின் பக்கத்தைப் பார்த்து "ஹான் பான்" என்றார். வியர்வைப் புள்ளி என்று பொருளாம். ஆக, அவரவர் வீட்டில் வழங்குகிற பேரைத்தான் மலாயிலும் சீனத்திலும் தலைப்பில் போட்டிருக்கிறார்கள். நமக்கு மட்டும் துகளுரி.

அன்று சாயங்காலம் பேத்தி வந்திருந்தாள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "தாத்தா, அந்த இன்னொரு சொல் என்ன?" என்று கேட்டுக் கைப்பேசியில் தேடத் தொடங்கினாள். நான் போய் அலமாரியிலிருந்து என் பழைய ஆங்கில அகராதியை எடுத்தேன். அட்டை கழன்றது, ஆனால் கைக்குப் பழகியது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில்தான் கண்டுபிடித்தோம். ஃபர்ஃபுரேஷஸ் என்பது 17ஆம் நூற்றாண்டில் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். லத்தீனில் ஃபர்ஃபுர் என்றால், ஆசிரியர் அவர்களே, தவிடு.

மாட்டுக்கு வைக்கிற தவிடு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று பேத்திக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். என் அப்பா பால்காரர். சிராங்கூன் சாலைப் பக்கம் எருமைக்கும் மாட்டுக்கும் பேர் போன காலம் அவருக்கும் முந்தியது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று பெயர்கள்தான் மிச்சம். அப்பா கம்பத்தில், அதாவது அந்தக் காலத்துக் கிராமத்தில், ஐந்தாறு மாடு வைத்திருந்தார். விடிவதற்கு முன் எழுந்து ஒரு மர வாளியில் கோதுமைத் தவிடும் புண்ணாக்கும் போட்டுக் கையாலேயே கலப்பார். சாக்கைத் தூக்கிக் கவிழ்க்கும்போது தவிடு ஒரு புகை மாதிரி எழும்பும். அவருக்கு நல்ல கறுத்த சுருட்டை முடி. அதில் எல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும், புருவத்திலும் காது மடலிலும்கூட. அந்தக் கோலத்திலேயே சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவரிடம் பால் வாங்கிய ஹைனானீஸ் கோப்பிக்கடைக்காரர் ஒருவர், அப்பாவின் தலையைப் பார்த்து ரொம்ப நாள் பாவப்பட்டிருக்கிறார். கடைசியில் ஒருநாள் மனசு கேளாமல் ஒரு சின்ன சீசாவில் ஏதோ தலைத்தைலம் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார். பச்சை நிறம், கற்பூர வாசனை. கலெமுமுருக்கு நல்லது என்று மலாயில் சொன்னாராம். கலெமுமுர் என்றால் பொடுகு. அப்பாவுக்கு அது பொடுகு இல்லை, மாட்டுத் தவிடு என்று விளக்கிச் சொல்லக் கூச்சம். வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தத் தைலத்தை அம்மா பல வருஷம் முட்டிவலிக்குத் தேய்த்துக்கொண்டாள்.

அந்தக் கடைக்காரர் தவிட்டைப் பொடுகாக்கினார். ரோமாபுரிக்காரர்கள் பொடுகைத் தவிடாக்கியிருக்கிறார்கள். 1ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி தலையில் உதிர்வதற்கு வைத்தியம் எழுதும்போது தவிட்டுக்கான அதே சொல்லைத்தான் போடுகிறார். கண்ணால் பார்த்ததை வாயில் வந்த பேரால் சொன்னார்கள், அவ்வளவுதான். இரண்டாயிரம் வருஷம் கழித்து ஆங்கிலத்தில் அதே தவிடு கோட்டும் டையும் கட்டிக்கொண்டு நிற்கிறது. நாம் ஏதோ பெரிய மருத்துவச் சூத்திரம் என்று கும்பிடு போடுகிறோம்.

பேத்தி அதோடு விடவில்லை. "அப்ப பிட்டிரியாசிஸ்?" என்றாள். பார்த்தோம். அது கிரேக்கம். பிட்டிரோன் என்றால் அதுவும் தவிடு! வெர்சிகலர் என்றால் நிறம் மாறுவது. ஆக, நோயின் பெயரைத் தமிழில் அப்படியே சொன்னால் "நிறம் மாறும் தவிட்டு நோய்". அந்தத் திரையில் எழுதியிருந்தது மொத்தமும் இதுதான்: தவிட்டு நோய், தவிடுபோல உதிர்கிறது. கிரேக்கத்தில் ஒருமுறை, லத்தீனில் ஒருமுறை. என் அப்பா பள்ளிக்கூடம் போகாமல் அதை ஒரே சொல்லில் முடித்திருப்பார்.

பூஞ்சையின் கதையும் இதே சாக்கிலிருந்துதான் வருகிறது. இந்தத் திட்டுகளில் பூஞ்சை இருக்கிறது என்று 1846இல் கண்டு சொன்னவர் ஐக்ஷ்டெட் என்ற ஜெர்மானியர். 1853இல் ரோபின் என்ற பிரெஞ்சுக்காரர் அதற்குப் பெயர் சூட்டும்போது ஃபர்ஃபுர் என்பதை வாலாகச் சேர்த்தார். 1889இல் பையோன் என்ற தாவரவியலார் மலாசே என்ற இன்னொரு பிரெஞ்சு ஆய்வாளரின் பெயரை முன்னால் ஒட்டி மலாசேசியா ஃபர்ஃபுர் என்றாக்கினார். மலாசே வீட்டுத் தவிடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சபுரோ என்பவர் இதே இனத்துக்குப் பிட்டிரோஸ்போரம் என்று வேறு பேர் வைத்தார், அதாவது தவிட்டு வித்து. எப்படிப் பேர் வைத்தாலும் தவிட்டை விட்டு வெளியே வர அவர்களால் முடியவில்லை. தேமலில் அதிகம் தென்படுவது இந்தக் குடும்பத்திலேயே குளோபோசா என்ற வேறொரு வகை என்று இப்போது சொல்கிறார்கள். பழைய பெயர்கள் என்னவோ அப்படியே நிற்கின்றன.

இந்தப் பூஞ்சைக்கு எண்ணெய் என்றால் உயிர். ஆய்வுக்கூடத்தில் ஃபர்ஃபுரை வளர்க்க ஆலிவ் எண்ணெயை மேலே ஊற்றி வைப்பார்களாம். இதைப் பேத்தி வாசித்துக் காட்டியதும், சனிக்கிழமை தோறும் என் முதுகில் எண்ணெய் வழிய வழியத் தேய்த்துவிடுகிற என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தவிடு என்றால் என்ன என்றே இப்போது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நெல்லின் வெளித்தோடு உமி. உமி நீங்கிய அரிசியின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பழுப்புத் தோல்தான் தவிடு. தீட்டத் தீட்ட அது பொடியாக உதிரும், அரிசி வெளுக்கும். தவிடு என்பதே ஒரு தோல்தான், ஆசிரியர் அவர்களே. அரிசியின் தோல் உதிர்வதைப் பார்த்து மனிதன் தோல் உதிர்வதற்குப் பேர் வைத்தவன் நன்றாகப் பார்க்கத் தெரிந்தவன். நம் மேல்தோலும் ஏறக்குறைய மாதம் ஒருமுறை புதுசாகிறது. உதிர்வது கண்ணுக்குத் தெரியாத வரைக்கும் யாரும் கவலைப்படுவதில்லை. அது வேகமாகி, சேர்ந்து சேர்ந்து விழும்போதுதான் கறுப்புச் சட்டை போட முடியாமல் போகிறது.

தமிழில் மட்டும் இந்தப் பார்வை இல்லையா என்ன? சாம்பலும் பழுப்புமாக இருக்கிற குருவிக்குத் தவிட்டுக் குருவி என்று பேர். புறாவில் ஒன்று தவிட்டுப் புறா. என் பாட்டி லேசான அம்மை ஒன்றைத் தவிட்டம்மை என்பார். சின்ன வயசில் அது ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை. தட்டம்மைத் தடிப்பு அடங்கும்போது தோல் தவிடுபோல மெல்ல உதிரும் என்று மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது. அந்த இடத்தில் ஆங்கிலப் புத்தகங்களும் தவிட்டைத்தான் உவமை சொல்கின்றன. பேத்தியின் பாடப்புத்தகத்தில் அதைக் கண்டபோது பாட்டியை நினைத்துக்கொண்டேன். அவர் கைநாட்டு.

அப்புறம், தவிட்டுக்கு வாங்கின பிள்ளை. "உன்னைத் தவிடு கொடுத்து வாங்கினோம்" என்று அழவைக்கப்படாத தமிழ்ப் பிள்ளை உண்டா? என் அக்கா அப்படிச் சொல்லி என்னை ஒரு மத்தியானம் முழுக்கக் கட்டிலுக்கடியில் உட்கார வைத்தாள். எங்கள் வீட்டில் தவிடு சாக்குச் சாக்காகக் கிடந்ததால் எனக்கு அது நம்பும்படியாகவும் இருந்தது. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்குவதாக ஒரு சடங்கு செய்வார்கள் என்றும், எமன் இதைக் காசு பெறாத பிள்ளை என்று விட்டுவிடுவான் என்றும் பின்னால் அம்மா சொன்னாள். தவிடன் என்று பேர்கூட வைப்பார்கள்.

பேத்தியின் கன்னத்தில் ஒரு காலத்தில் வெள்ளைத் திட்டு இருந்தது. ஐந்தாறு வயசு இருக்கும். "வயிற்றில் பூச்சி இருக்கு" என்று என் மனைவி வேப்பங்கொழுந்து உருண்டை கொடுத்தாள், அவள் கதறக் கதற. அதற்கும் பிட்டிரியாசிஸ் என்றுதான் பேராம், பிட்டிரியாசிஸ் ஆல்பா, வெள்ளைத் தவிடு. பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, வறண்ட தோல் சமாச்சாரம், தானாகப் போய்விடும். "அந்த உருண்டைக்கு யார் பதில் சொல்றது?" என்று பேத்தி இப்போது கேட்கிறாள். பதில் சொல்ல வேண்டியவள் அப்போதும் அடுப்படியில்தான் இருந்தாள்.

ஆங்கிலேயர்கள் அன்றாடம் சொல்லும் சொற்கள் வேறு. பொடுகுக்கு டான்ட்ரஃப் என்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் எழுத்துக்கு வந்த சொல். பின்பாதி பொருக்கைக் குறிக்கும் ஒரு வட்டார வழக்கிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள், முன்பாதி எங்கிருந்து வந்தது என்று அகராதிக்காரர்களே கைவிரிக்கிறார்கள். ஸ்கர்ஃப் என்றொரு பழைய சொல்லும் உண்டு. மருத்துவர்களோ லண்டனில் ராபர்ட் வில்லன் 1808இல் தோல் நோய்களை வகைபிரித்துப் புத்தகம் போட்ட காலத்திலிருந்தே கிரேக்கத்தையும் லத்தீனையும் விட்டபாடில்லை. அவர்களுக்கு அது வசதி. எந்த நாட்டு மருத்துவருக்கும் புரியும். அதில் எனக்கு வருத்தமில்லை. கப்பல் பட்டறையிலும் திருகாணிக்கு எண் வைத்துத்தான் கேட்போம். ஆனால் அந்த எண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் சொல்வதில்லை.

தவிட்டைப் பற்றித் தேடப்போய் வேறொன்றும் கிடைத்தது. உங்கள் தொழிலுக்கு நெருக்கமானது என்பதால் எழுதுகிறேன். இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரில் 1583இல் ஒரு மொழிக் கழகம் தொடங்கினார்கள். அதன் பெயர் அக்காதெமியா தெல்லா குருஸ்கா. குருஸ்கா என்றால் இத்தாலிய மொழியில் தவிடு! மாவு சலிக்கும் இயந்திரம்தான் அதன் சின்னம். நல்ல சொல்லை மாவாக எடுத்துக்கொண்டு மற்றதைத் தவிடாக ஒதுக்குவதாக அர்த்தம். 1612இல் அவர்கள் ஓர் அகராதியையும் வெளியிட்டார்கள். கழகம் இன்றும் இருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு நன்னூல் ஞாபகம் வந்தது. மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி என்று வரிசைப்படுத்திக்கொண்டே வந்து, கடைசி வகைக்கு இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று முடிப்பார் பவணந்தியார். நெய்யரி என்பது நெய் வடிகட்டும் பன்னாடை. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எருமையையும் கடை வரிசையில் சேர்த்தது பற்றி அப்பா இருந்தால் சண்டைக்கு வந்திருப்பார், அது வேறு விஷயம். தேமலைக் கீழே விட்டுத் துகளுரியைப் பிடித்து வைத்துக்கொண்ட அந்தத் துண்டுப் பிரசுரத்தைப் பார்க்கும்போது எனக்குப் பன்னாடைதான் கண்ணில் தெரிகிறது. கோபத்தில் திட்டுகிற பன்னாடை இல்லை, நன்னூல் பன்னாடை.

தேமல் துல்லியமான சொல் இல்லையே என்று யாராவது சொல்லலாம். நியாயம்தான். சங்கப் பாட்டில் பெண்ணின் மேனியில் படர்ந்திருப்பதாகப் புகழப்படும் சுணங்குக்கு உரைகாரர்கள் தேமல் என்றுதான் பொருள் எழுதுவார்கள். அதை வேங்கைப் பூவுக்கு ஒப்பிட்டுக் கொண்டாடியிருக்கிறார்கள். என் முதுகில் இருப்பதைப் பார்த்து யாரும் வேங்கைப் பூ என்று பாடப் போவதில்லை. பிள்ளைகள் கன்னத்து வெளுப்பையும் சிலர் தேமல் என்பதுண்டு. சரி, அதற்கு ஒரு வழி இருக்கிறதே. தலைப்பில் தேமல் என்று போடுங்கள். அடுத்த வரியில் "தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும், சுரண்டினால் தவிடுபோல உதிரும், இது ஒரு பூஞ்சையால் வருவது" என்று எழுதுங்கள். அப்புறம் பிட்டிரியாசிஸ் வெர்சிகலர் என்று தமிழ் எழுத்திலேயே போட்டுவிடுங்கள், மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். துகளுரி எதற்கு? அதைப் படித்துப் புரிந்துகொள்கிற அளவுக்குத் தமிழ் தெரிந்தவருக்குத் தேமல் தெரியாமல் இருக்குமா?

இதை வெறும் சொல் சண்டையாக நினைக்கிறவர்களுக்கு ஒன்று. அந்தத் தமிழ்ப் பக்கத்தில் உருப்படியான தகவல்களும் இருந்தன. பூஞ்சை செத்த பிறகும் நிறம் திரும்பப் பல மாதம் ஆகும், அதனால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள் என்று ஒரு வரி இருந்தது. முக்கியமான வரி. என் மனைவி அதைப் படிக்கவில்லை. தலைப்பைப் பார்த்ததோடு சரி, தாளை மூடிவைத்துவிட்டாள். மூன்று வாரம் கழித்து, "இன்னும் வெளுப்பு போகலையே, வேற டாக்டரைப் பார்ப்போமா?" என்று ஆரம்பித்தாள். நான்தான் அந்த வரியைத் தேடி எடுத்து வாசித்துக் காட்டினேன்.

மருந்து என்று கொடுத்ததும் ஒரு ஷாம்புதான். பொடுகுக்குப் போடுவதே முதுகுக்கும். பூசிச் சில நிமிஷம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். ஒரே பூஞ்சைக் குடும்பம் என்பதால் ஒரே மருந்து. குளியலறையில் ஒரு முக்காலி போட்டு என்னை உட்கார வைத்து மனைவி பூசிவிடுகிறாள். கை முதுகெலும்பு நெடுக மேலிருந்து கீழே வரும்போது, அப்பா சாயங்காலம் மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டுவது மாதிரியே இருக்கிறது. மாடு அப்போது கண்ணை மூடிக்கொள்ளும். நானும் மூடிக்கொள்கிறேன், ஷாம்பு கண்ணில் பட்டால் எரியும் என்பதற்காக.

போன வாரம் மறுபரிசோதனைக்குப் போனபோது அந்தத் தாள்கள் அதே இடத்தில் அடுக்கியிருந்தன. எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மா, என்னைவிட மூத்தவர், அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டை அசைத்து அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் திட்டு. "அம்மா, அது தேமலுங்க" என்றேன். "அப்படியா தம்பி? நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவர் தாளில் தலைப்புக்கு மேலே தேமல் என்று எழுதிக் கொடுத்தேன். அடுக்கில் இருந்த மற்றவற்றிலும் எழுதியிருப்பேன். முகப்பில் இருந்த பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் பத்திரிகையை மொழிபெயர்ப்பாளர்களும் படிக்கிறார்கள் என்று நம்புகிறேன். இப்படிப்பட்ட தாள்களைத் தமிழாக்குகிறவர்கள் அச்சுக்குப் போகும் முன் வீட்டில் இருக்கும் ஒரு வயசானவரிடம் வாசித்துக் காட்டினால் போதும். இன்னொன்று, தவிட்டம்மை என்று வேறு யார் வீட்டிலாவது சொல்லிக் கேட்டதுண்டா, எந்த அம்மையை அப்படிச் சொன்னார்கள் என்று வாசகர்கள் எழுதினால் நன்றாக இருக்கும். பேத்தி தன் நோட்டில் பாட்டி சொன்ன சொற்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாள். இப்போதைக்கு அதில் நாலு சொல்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு பால்காரர் மகன்,
பொத்தோங் பாசிர்